எட்டில் நாலு எங்கே?

கோயம்புத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி. அதன் முதலாளி திருமூர்த்திக்கு, மெஷினை முழுக்க நடத்தும் புரோகிராமான தன் கெர்னல்தான் எந்த மெஷினுக்கும் ராஜா என்று ஏகப்பட்ட கர்வம். மெஷினைப் போட்டதும் முதலில் ஓடி, கெர்னலை எழுப்பிவிடும் ஃபர்ம்வேரை எழுதுபவள் தமயந்தி.

"கதவு திறந்துவிடற வேலைக்கு ஒரு ஆளா? எந்த மெஷின்ல போட்டாலும் என் கெர்னல் தானே எல்லாத்தையும் தெரிஞ்சுக்கும். நாளைக்கு டெமோ முடிஞ்சதும் நீ கிளம்பலாம்," என்றார்.

"சரிங்க சார்," என்றாள்.

மறுநாள் வாங்க வந்தவர்கள் முன்னால் கெர்னல் கம்பீரமாக எழுந்தது. "இதுக்குத் தெரியாம மெஷின்ல ஒரு துரும்பும் அசையாது," என்றார் முதலாளி.

"மெமரி எவ்வளவுன்னு கேளுங்க சார்," என்றாள் தமயந்தி.

நாலு ஜிபி என்று காட்டியது கெர்னல். அவள் மூடியைக் கழற்றினாள். உள்ளே இருந்த மெமரியில் எட்டு ஜிபி என்று லேபிளே ஒட்டியிருந்தது. வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள்.

"மீதி நாலு எங்கே?" என்றார் முதலாளி.

"அங்கேயேதாங்க சார் இருக்குது. ஃபர்ம்வேர் சொன்னாத்தான் கெர்னலுக்குத் தெரியும். பாதியை மட்டும் சொல்லுன்னு நான்தான் நேத்து எழுதி வெச்சேன்."

"முழுசாச் சொல்லச் சொல்லு."

தமயந்தி பையைத் தோளில் மாட்டினாள்.

"டெமோ முடிஞ்சதும் கிளம்பச் சொன்னீங்களே சார். மீதியை உங்க ராஜாகிட்டயே கேட்டுக்கங்க."