மார்கழி முகட்டைத் தாண்டிய மாமன்

மலையடிவாரத்துப் பலாமரக் காட்டில் சிலும்பன் என்றொரு முள்ளம்பன்றி இருந்தான். மார்கழி தொடக்கத்தில் ஒரு நாள் காலை அவன் வளை வாசலில் கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தபோது, மேல்மலையிலிருந்து ஒரு கொண்டைக்குருவி பறந்துவந்து கிளையில் உட்கார்ந்தது.

“சிலும்பண்ணே! உன் தங்கச்சி வெள்ளச்சி சேதி சொல்லி அனுப்பியிருக்கு. உன் மருமக ஊசிமணிக்குக் காதுகுத்து! தை பொறந்ததும் மொத முகூர்த்தம்!”

சிலும்பனுக்குச் சந்தோஷத்தில் முதுகு முள்ளெல்லாம் சிலிர்த்து நின்றது. “அட, எம் மருமகளுக்கா! அவ பொறந்ததே நேத்து மாதிரி இருக்கு!”

“இன்னும் கேளு. ‘மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் காது குத்தணும். எங்கண்ணன் வராட்டி எம் மாமியா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா. பொறந்த வீட்டு நாதியத்தவன்னு பேர் வெச்சிருவா’ன்னு சொல்லி அழுதுச்சு.”

சொல்லிவிட்டுக் குருவி பறந்துபோனது. சிலும்பன் நிமிர்ந்து மலையைப் பார்த்தான். சிலிர்த்த முள்ளெல்லாம் மெல்லப் படுத்துக்கொண்டது.

தங்கை வாழ்க்கைப்பட்ட காடு, நெடுமுகட்டுக்கு அந்தப்பக்கம் இருந்தது. பல நாள் நடை. சித்திரையில் போனால் சுகமான பயணம்தான். மார்கழியிலோ அங்கே உறைபனி விழும். அந்த மாதத்தில் முகட்டைத் தாண்டியவர் அடிவாரத்தில் ஒருவரும் கிடையாது. முயன்றவர்கள் பாதியில் திரும்பி வந்து, வருஷம் முழுக்க இருமிக்கொண்டிருந்தார்கள்.

சேதி காட்டில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? சிலும்பனுடைய பெரியப்பா மகன் கொண்டையன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றான்.

“தம்பி, காதுகுத்தாமே! நானும் மாமன் முறைதான். நானும் வரேன். யாரு மொதல்ல போய்ச் சேர்றமோ அவங்க மடியில புள்ளை உக்காரட்டும். என்ன சொல்ற?”

“கூடப்பொறந்தவன் நான் இருக்கேனேண்ணே?”

“இருந்தா? சீரைப் பாத்துத்தானே சபையில மரியாதை! நான் கொண்டு போற சீரைப் பாத்து மேல்மலையே வாயைப் பொளக்கப் போவுது, பாரு!”

முள்ளம்பன்றிகள் சீர் கொண்டுபோக ஒரு முறை வைத்திருந்தார்கள். பழத்தையும் கிழங்கையும் தரையில் பரப்பி, அதன்மேல் புரண்டு எழுந்தால் அத்தனையும் முதுகு முள்ளில் குத்தி நிற்கும். ஊரே பார்க்க அப்படியே ஆடி அசைந்து போவார்கள். முதுகில் எத்தனை பழமோ அத்தனை கௌரவம்.

சிலும்பனும் அன்றைக்கே கொய்யாவும் கிழங்குமாகப் பரப்பி, ஆசை தீரப் புரண்டு எழுந்தான். ஆனால் அப்படியே கிளம்பிவிடவில்லை. முகட்டுக் குளிரை நினைத்து வளை வாசலிலேயே நின்றுவிட்டான். உள்ளதைச் சொன்னால், அவன் கொஞ்சம் பயந்தாங்கொள்ளிதான். அந்தப் பயம் அவனுக்கு ஒரு யோசனை கொடுத்தது.

‘அங்க போய்ப் படப்போறதை இங்கயே கொஞ்சம் பட்டுப் பார்த்தால் என்ன?’

அன்றிரவு சுமையோடு ஓடைப் பள்ளத்துக்குப் போய்ப் படுத்தான். அடிவாரத்திலேயே குளிர் அதிகமான இடம் அதுதான். விடிந்ததும் பக்கத்துப் புதர் முயல் தண்ணீர் குடிக்க வந்து, அவனைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தது.

“என்னண்ணே இது! கதகதன்னு வளையை வெச்சுக்கிட்டு ஓடையில வந்து வெடவெடன்னு கெடக்குற? வீட்டுல ஏதும் சண்டையா?”

“ஒ... ஒ... ஒத்திகை!”

“எதுக்கு ஒத்திகை? நடுங்கறதுக்கா? அதான் நல்லா வருதே!”

காடே அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. கொண்டையன் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். சிலும்பனுக்கு அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஓரமாக உட்கார்ந்து, ‘ஏன் இவ்வளவு குளிரிச்சு?’ என்று யோசித்தான்.

முதுகைத் திருப்பிப் பார்த்தான். பாரம் ஏறிய முள்ளெல்லாம் விறைத்து நின்றன. முள் படுத்திருந்தால் அது கூரை. எழுந்து நின்றுவிட்டால் காற்று நேரே தோலுக்குப் போய்விடும். ‘அட, கௌரவத்துக்காகக் கூரையைப் பிரிச்சுட்டுல்ல படுத்திருக்கோம்!’ என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மறுநாள் சுமை இல்லாமல் அதே பள்ளத்தில் படுத்தான். முதுகு பரவாயில்லை, வயிறு ஜில்லிட்டது. அதற்கடுத்த நாள் சருகை மேலே போர்த்திக்கொள்ளாமல் கீழே கனமாகப் பரப்பிப் படுத்தான். வயிறும் தேறியது. பிறகு பள்ளத்தை விட்டுச் சரிவில் ஏறி, மரத்தடியில் படுத்துப் பார்த்தான். என்ன ஆச்சரியம்! விடிகாலையில் பார்த்தால் பனியெல்லாம் கீழே பள்ளத்தில் குளம் கட்டியதுபோல் கிடக்க, அவன் இருந்த இடத்தில் புல் நுனிகூட நனையவில்லை.

“குளிர் தண்ணி மாதிரி பள்ளத்தைப் பாத்து இறங்குது!” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு குதி குதித்தான்.

முதுகில் சுமை ஆகாது என்று தெரிந்துவிட்டது. கொடியை உரித்து ஒரு பை பின்னினான். அதைக் கழுத்தில் மாட்டி மார்போடு தொங்கவிட்டுக்கொண்டான். பை நிறையக் கூழாங்கல்லைப் போட்டுக்கொண்டு தினமும் பக்கத்துக் குன்றில் ஏறி இறங்கினான். முதலில் உள்ளங்கால் கன்றிப்போனது. அப்புறம் மரத்துப்போனது. அப்புறம் கால் பாட்டுக்கு நடக்க, வாய் பாட்டுக்குப் பாட ஆரம்பித்தது. முயலுக்குச் சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

கிளம்பும் நாளும் வந்தது. கொண்டையன் வந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! முள்ளுக்கு ஒரு பழம். கொய்யா, வாழை, நெல்லி, மரவள்ளி என்று நடமாடும் பழக்கடையாக வந்து நின்றான். சிலும்பன் கழுத்தில் ஒரு கொடிப்பை. அதில் வழிச்சாப்பாட்டுக்கு வேர்க்கடலை, மருமகள் காதுக்கு இலையில் மடித்த இரண்டு சிவப்புக் குன்றிமணி. அவ்வளவுதான்.

“இது சீரா! கொறிக்கறதுக்குக் கடலை கொண்டு போறவனை நான் எங்கயும் பாத்ததில்ல!” என்றான் கொண்டையன்.

“வந்து சேர்ந்தாத்தாண்ணே அது சீரு” என்றான் சிலும்பன்.

இருவரும் ஏறினார்கள். கீழே வெயில் இருந்தவரை கொண்டையன்தான் முன்னால். வழியில் பார்த்த குரங்கும் அணிலும் அவன் சீரைப் பார்த்து வாயைப் பிளந்தன. அவனும் நின்று நின்று முதுகைக் காட்டிவிட்டுத்தான் போனான். முகடு நெருங்க நெருங்கக் காற்று மாறியது. ஒரு மாலை, ஓடையோரத்தில் பச்சைப்பசேலென்ற புல்வெளி தெரிந்தது.

“ஆகா, மெத்தை போட்டு வெச்சிருக்காங்க! நான் இங்கயே படுக்கறேன்” என்றான் கொண்டையன்.

“அண்ணே, அது பள்ளம். பனியெல்லாம் அங்கதான் வந்து எறங்கும். மேல மரத்தடிக்கு வா. அந்தச் சீரையும் எறக்கி வெச்சுட்டுப் படு!”

“ஓடையில படுத்துப் பனி படிச்ச பண்டிதரு சொல்லிட்டாரு! போடா, போ! விடியறதுக்கு முன்னால கெளம்பி உன்னை முந்திக் காட்டறேன்!”

சிலும்பன் கெஞ்சிப் பார்த்தான். பிறகு சரிவில் ஏறி, சருகைக் கனமாகப் பரப்பி, கடலை கொறித்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டு முள்ளைப் படுக்க வைத்துச் சுருண்டான்.

விடிந்தது. சிலும்பன் கண் திறந்து கீழே பார்த்தான். புல்வெளி முழுக்க உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. அதன் நடுவே ஒரு வெள்ளை உருண்டை அசையாமல் கிடந்தது.

“அண்ணே!”

சிலும்பன் சரிவில் இறங்கி ஓடினான்.

கொண்டையன் முதுகில் ஒவ்வொரு பழமும் கல்லாக இறுகியிருந்தது. அந்தக் கல்லின் பாரத்தில் முள்ளெல்லாம் விறைத்து நின்றன. மூச்சு மட்டும் இழையாக ஓடிக்கொண்டிருந்தது. சிலும்பனுக்குப் பகீரென்றது.

அந்த நேரத்தில் அவன் மனசில் ஒரு நினைப்பு வராமல் இல்லை. இவனை விட்டுவிட்டுப் போனால் முகூர்த்தத்துக்கு நிச்சயம் போய்விடலாம். நின்றால் போக முடியுமா என்பது சந்தேகம். தங்கை வழிமேல் விழி வைத்துக் காத்திருப்பாள். ஆனால் ஓர் உயிரைப் பள்ளத்தில் போட்டுவிட்டு, எந்த முகத்தோடு மருமகளை மடியில் வைத்துக்கொள்வது?

பல்லால் கடித்து ஒவ்வொரு பழமாகப் பிடுங்கி எறிந்தான். கொண்டையனை உருட்டியும் தள்ளியும் சரிவில் ஏற்றி, தான் படுத்து எழுந்த சருகிலேயே கிடத்தி, ஒட்டிப் படுத்துக்கொண்டான். பாரம் போன முள் ஒவ்வொன்றாகப் படுத்தது. வெயில் ஏறிய பிறகுதான் கொண்டையன் கண்ணைத் திறந்தான். சிலும்பன் கடலையை மென்று அவன் வாயில் ஊட்டினான்.

“எஞ் சீரு... எஞ் சீரு எங்க?”

கீழே வெயில் பட்ட பழமெல்லாம் கறுத்து, கொழகொழத்து, நீராய் வழிந்துகொண்டிருந்தது. கொண்டையன் அதைப் பார்த்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டான்.

“நீ போடா தம்பி. முகூர்த்தம் தப்பிரும். நான் கெடக்கறேன்.”

“நல்லா இருக்கே கதை! ஒரு மாமனுக்கு ரெண்டு மாமனா போய் எறங்குவோம், எந்திரி! முகட்டு மேல காத்து அடிக்குது. ஒரு அடி கீழ, சரிவோரமாவே போவோம். வெயில் இருக்கறப்ப நடை, பனி எறங்கறதுக்கு முன்னாலயே படுக்கை. வா!”

கல் சுமந்து பழகிய கால் அல்லவா! சிலும்பன் முன்னால் நடக்க நடக்கக் கொண்டையன் அவன் அடி பார்த்து நடந்தான். சாயங்காலமானால் சருகு சேர்க்கும் வேலையை யாரும் சொல்லாமலே கொண்டையன் செய்தான். கடலை குறைந்துகொண்டே வந்தது. நாளும் குறைந்துகொண்டே வந்தது.

மேல்மலைக் காட்டிலோ காதுகுத்துப் பந்தல் நிரம்பி வழிந்தது. காது குத்த வந்த மரங்கொத்தி அலகைத் தீட்டிக்கொண்டு தயாராக நின்றது. அதைப் பார்த்துக் குட்டி ஊசிமணி வீல் வீலென்று கத்தினாள். வெள்ளச்சி மட்டும் முகட்டைப் பார்த்தபடியே நின்றாள்.

மாமியார் எழுந்தாள். “மார்கழியில முகட்டைத் தாண்டி எவன் வருவான்? இவ பொறந்த வீட்டை நம்பி முகூர்த்தத்தை விட முடியுமா? புள்ளைய அப்பன் மடியிலயே வெச்சுக் குத்துங்க!”

வெள்ளச்சியின் கண் நிறைந்தது. அப்போதுதான் கொண்டைக்குருவி உச்சிக்கிளையிலிருந்து கூவியது.

“மாமன் வந்தாச்சு! மாமன் வந்தாச்சு! ஒண்ணுக்கு ரெண்டா வந்தாச்சு!”

பந்தலே எழுந்து நின்றது. மூச்சிரைக்க ஓடிவந்த சிலும்பனைப் பார்த்து, “அண்ணே!” என்று வெள்ளச்சி போட்ட சத்தம் அடிவாரத்துக்கே கேட்டிருக்கும். பக்கத்தில் வந்த கொண்டையன், சிலும்பனைப் பிடித்து மனையில் உட்கார வைத்தான்.

“எல்லாரும் கேட்டுக்கங்க! நானும் மாமன்தான். ஆனா இந்த மடிதான் மடி. இவன் இல்லாட்டி நான் இன்னிக்கு முகட்டுல பனிக்கட்டி!”

சிலும்பன் மருமகளை மடியில் வைத்துக்கொண்டான். மரங்கொத்தி கிட்டே வந்ததும் அவள் மறுபடி அலறினாள்.

“அலகு வேணாம் சாமி” என்ற சிலும்பன், தன் முதுகிலிருந்தே மெல்லிய முள் ஒன்றைப் பிடுங்கி நீட்டினான். “இந்தா தாயி, இது மாமன் முள்ளு. வலிக்காது!”

மரங்கொத்தி அதை வாங்கிச் சட்டென்று குத்தியது. ஊசிமணி அழ வாயைத் திறந்தாள். அதற்குள் மாமன் அவள் வாயில் ஒரு கடலையைப் போட்டான். அழலாமா, கடிக்கலாமா என்று யோசித்துவிட்டு அவள் கடித்தாள். அது பையில் இருந்த கடைசிக் கடலை. இரண்டு காதிலும் குன்றிமணி செக்கச்செவேலென்று ஜொலித்தது.

மாமியார் காலிப் பையை எட்டிப் பார்த்தாள். எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

“சீரு இவ்வளவுதானா?” என்றாள். பிறகு சிலும்பனின் காலைப் பார்த்தாள். கன்றிப் பழுத்து மரத்துப்போன கால். அவள் குரல் இளகியது. “எம் பேத்திக்காக இந்தக் காலு மார்கழி முகட்டைத் தாண்டி வந்திருக்கு. இதுக்கு மேல ஒரு சீரை நான் பாத்ததில்ல! போடுங்கடி குலவையை!”

குலவைச் சத்தம் மலை மலையாக எதிரொலித்தது. வெள்ளச்சி அழுதுகொண்டே சிரித்தாள். சிலும்பனுக்கோ சந்தோஷத்தில் முள்ளெல்லாம் மறுபடியும் சிலிர்த்து நின்றது.

வெயில் காலம் வந்து இருவரும் அடிவாரம் திரும்பினார்கள். அடுத்த மார்கழியில் ஓடைப் பள்ளத்தில் படுக்க இடமே கிடைக்கவில்லை. முதல் ஆளாக வந்து படுத்து வெடவெடத்துக்கொண்டிருந்தது யார் தெரியுமா? நம்ம முயல்தான்!

வழியில் வரப்போகும் கஷ்டத்தை வீட்டு வாசலிலேயே ஒருமுறை பட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறவனை, எந்த வழியும் பாதியில் திருப்பி அனுப்பாது.