தில்லைநகர் வீட்டு நற்சான்று

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு அறுபத்தொன்று. இதில் சிரிக்க ஒன்றுமில்லை. தாலுகா ஆபீஸில் ஆயுசெல்லாம் சீல் குத்திய தணிகாசலம், ரிட்டயரான பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல், திருச்சியில் ரெஜினா நடத்தும் ஏஜென்சிக்கு வந்தார். வயதானவர்களைப் பார்த்துக்கொள்ள வீடுகளுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி. "தொழிலைக் கத்துக்குடுங்க மேடம்" என்று அவர் கேட்ட நாள்முதல் அவள் குரு, அவர் சீடர்.

அன்றைக்குப் பெஞ்சில் பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள். துறையூர்க்காரி. அவள் உடைமை மொத்தமும் காலடியில் இருந்த பைக்குள் அடக்கம். தில்லைநகரில் ஒரு அம்மாளை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவள், மகள் பிரசவத்துக்குப் பத்து நாள் போய்விட்டு அன்று காலைதான் திரும்பினாள். சொன்னதைக் கேட்காமல் போனவள் என்று அந்த வீட்டு மருமகள் கேட்டுக்குள்ளேயே விடவில்லை.

வேறொரு வீடு தயாராக இருந்தது. நடக்க முடியாத அப்பாவுக்கு, கூடவே தங்குகிற ஆள் வேண்டும். பழைய வீட்டில் விசாரித்துச் சொன்னால் இன்றைக்கே வரட்டும் என்றிருந்தார் அந்த மகன். இல்லாவிட்டால் பவுனம்மாளுக்கு அன்று படுக்கை பஸ் ஸ்டாண்டில்தான்.

தணிகாசலம் தில்லைநகருக்கு போன் போட்டார். ரிசீவரைக் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் கேட்க முடிந்தது.

"தேறாது மேடம்" என்றார் வைத்துவிட்டு. "கிழிகிழின்னு கிழிச்சுட்டாங்க."

"எவ்வளவு நேரம்?"

"என்னது?"

"எவ்வளவு நேரம் திட்டினாங்க சார்?"

"கால் மணி நேரம் இருக்கும். இந்தம்மாகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?"

"திட்டினதை எழுதினீங்களா?"

எழுதாமல் இருப்பாரா? தாலுகா ஆபீஸ் கை.

"படிங்க."

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். "திமிர் பிடிச்சவ. மாமியாருக்குப் பச்சைத்தண்ணி ஊத்தாதீங்கன்னு என்கிட்டயே சண்டைக்கு வந்தா."

"ம்."

"எதிர்ல உக்காந்து ஊர்க்கதை பேசிப் பேசி ஊட்டிப் பழக்கிட்டா. இப்ப யார் குடுத்தாலும் மாமியார் வாயைத் திறக்க மாட்டேங்கறாங்க."

"ம்."

"பத்து நாளா..." தணிகாசலம் நிறுத்திவிட்டார். அந்த வரியை ஒருமுறை வாய்க்குள் படித்தார். "பத்து நாளா மாமியார் கேட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. எல்லாம் அவளாலதான்."

பெஞ்சிலிருந்து சத்தம் வந்தது. "பெரியம்மா சாப்பிடலையாங்க சார்?"

பவுனம்மாளின் கண் நிறைந்திருந்தது. தணிகாசலத்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"இதையே அந்தப் புது வீட்டுக்குப் படிச்சுக் காட்டுங்க" என்றாள் ரெஜினா.

"ஐயையோ! திமிர் பிடிச்சவங்கறதையுமா?"

"அதைத்தான் முதல்ல."

புது வீட்டு மகனுக்கு போன் போட்டு, தயங்கித் தயங்கிப் படித்தார். ஒரு வரியையும் விடவில்லை. போச்சு, இந்த அம்மா பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோம் என்று தணிகாசலத்துக்கு வியர்த்துவிட்டது.

"எங்கப்பாவுக்கும் பச்சைத்தண்ணி ஆகாது சார்" என்றது குரல். "ஆட்டோ பிடிச்சு இப்பவே அனுப்பிடுங்க."

பவுனம்மாள் பையைத் தூக்கிக்கொண்டாள். வாசல்வரை போனவள் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் விடச் சொல்லுங்க தாயி. பெரியம்மாவை ஒரு எட்டு பாத்துட்டு வந்துடுறேன். உள்ள விடலைன்னாலும் கேட்டு வாசல்ல நிக்கிறேன்."

"சொல்றேன்க்கா. நீங்க தைரியமா போங்க."

ஆட்டோ போனதும் தணிகாசலம் தன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை காகிதத்துக்கு சீல் குத்தியிருப்பார்! ஒன்றைக்கூட இப்படிப் படித்ததில்லை.

சற்று நேரத்தில் போன் அடித்தது. தில்லைநகர். அவசரமாக ரெஜினாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"நீங்களே பேசுங்க சார்."

இந்தத் தடவை அந்தக் குரலில் சத்தம் இல்லை. "அவ அங்கதான் இருக்காளா?"

"இல்லம்மா. வேலை கிடைச்சுப் போயிட்டாங்க."

"அதுக்குள்ளயா? நான் அவ்வளவு சொன்னேனே. யார் பேச்சை நம்பி எடுத்தாங்க?"

தணிகாசலம் குருவைப் பார்த்தார். குரு சிரித்தாள்.

"உங்க பேச்சைத்தாம்மா."