சடையனின் கேன்

கோணப்பட்டியில் யாரும் எந்த வேலையையும் தனியாகச் செய்யமாட்டார்கள். ஒரு வீட்டுக்குக் கூரை மேய்ந்தால் ஊரே ஏணியில் நிற்கும். ஏணி ஒடிந்தால் ஊரே விழும். அப்படியொரு ஒற்றுமை.

அந்த ஊர்ச் சடையனுக்குக் கல்யாணம் பேசி வந்த நேரம் பார்த்துக் கால்கள் துவண்டுபோயின. நாலடி வைப்பதற்குள் உட்கார்ந்துவிடுவான். பெண்ணின் அப்பா மாயழகு, மாப்பிள்ளை நடப்பதைக் கண்ணால் பார்த்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டார்.

டவுன் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார். உடம்பில் பாஸ்பேட் குறைவு, அதனால்தான் எலும்புக்கும் தசைக்கும் இந்தச் சோர்வு, சிறுநீரில் வீணாகப் போகிறதா என்று பார்க்கணும் என்றார். பெரிய கேன் ஒன்றைக் கொடுத்து, காலையிலிருந்து மறுநாள் காலை வரை போவதையெல்லாம் அதில் பிடித்து வரச் சொன்னார்.

ஊர்த்தலைவர் ஒச்சப்பன் கேனைத் தூக்கிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"இம்புட்டுப் பெரிய கேனு. சீக்காளிப் பய ஒத்தையா எப்பிடிடா நெறப்புவான்?"

"நாமெல்லாம் எதுக்கு இருக்கோம், மாமா?" என்றான் பக்கத்து வீட்டுப் பூச்சி.

மத்தியானத்துக்குள் கேன் நிறைந்தது. மிச்சத்துக்கு இரண்டு குடம் வைத்தார்கள். சந்தைக்குப் போனவர்கள்கூட அடக்கிக்கொண்டு ஊருக்கு வந்துதான் உதவினார்கள்.

ரிசல்ட்டைப் பார்த்த டாக்டரம்மா, இவ்வளவு பாஸ்பேட் வெளியே போனால் மனுஷன் பிழைக்கவே முடியாதே என்று பதறிச் சடையனின் நாடியைப் பிடித்தார். விஷயம் தெரிந்ததும் தன் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடி பிடிங்க. இவரோடது மட்டும். வேற யாரோடதும் ஒரு சொட்டுக்கூடக் கலக்கக்கூடாது."

ஊர்க்கூட்டம் கூடியது. யாராவது ஒருத்தர் போனாலும் பழக்கதோஷத்தில் கேன் பக்கம் போய்விடுவார் என்று ஒச்சப்பன் கவலைப்பட்டார். எல்லாரும் யோசித்து, மறுநாள் காலை வரை ஊரில் ஒருவருமே போவதில்லை என்று முடிவெடுத்தார்கள்.

காலையில் ஊரே ஆஸ்பத்திரிக்கு வந்தது, முழங்காலை ஒட்டிவைத்துக்கொண்டு, பொடி நடையாக. சடையனைக் கட்டிலோடு தூக்கி வந்திருந்தார்கள். மாயழகும் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா கேனைத் திறந்தார். உள்ளே ஈரம்கூட இல்லை.

"ஒரு சொட்டுக்கூடக் கலக்கல, டாக்டரம்மா," என்றார் ஒச்சப்பன், முகமெல்லாம் வேர்த்து.

"அது சரி, சடையனோடது எங்கே?"

சடையன் கட்டிலில் நெளிந்தான். "ஊரே எனக்காக அடக்கிக்கிட்டுக் கெடக்கு. நான் மட்டும் எப்பிடிங்க போறது?"

டாக்டரம்மா கழிப்பறைப் பக்கம் கையைக் காட்டினார்.

அவ்வளவுதான். சடையன் கட்டிலிலிருந்து குதித்தான். ஊரை முட்டித் தள்ளிக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினான். வழியிலிருந்த பெஞ்சைச் சுற்றக்கூட இல்லை, தாண்டினான்.

மாயழகுக்கு வாயெல்லாம் பல். "இந்த ஓட்டம் ஓடுறாரு, இவருக்கா காலு சரியில்ல? வர்ற முகூர்த்தத்துலயே வச்சுக்கலாம்."

அதைக் கேட்டதும் ஒச்சப்பன் தன் அவசரத்தையும் மறந்து பாய்ந்துபோய்க் கழிப்பறைக் கதவை மறித்துக்கொண்டார்.

"உள்ள விட்டுறாதீங்கடா. தாலி கட்டுற வரைக்கும் அவனுக்கு இந்தத் தெம்பு வேணும்."