நாவல்பழச் சேலை

ஏலகிரி மலைமேல் ஓவியம் சொல்லிக்கொடுத்து வந்த நிலோஃபருக்கு வயது முப்பத்தைந்து. அவளிடம் சிஷ்யனாகச் சேர்ந்த ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. முப்பத்துநாலு வருஷம் கூட்ஸ் வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார், அவள் அவரை ஐயா என்பாள். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். இரண்டு பேருமே அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏகாம்பரத்துக்கு வேண்டியது ஒரு சேலையின் நிறம், அவ்வளவுதான்.

ஜோலார்பேட்டையில் அவர் குடியிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸின் பின்சுவர் தண்டவாளத்தை ஒட்டி இருந்தது. அவர் வண்டி வருகிற நேரம் தெரிந்தால் மனைவி அம்சவேணி அந்தச் சுவரோரம் வந்து நிற்பாள். ஓடுகிற எஞ்சினிலிருந்து முகமா தெரியும்? நாவல்பழ நிறத்தில் ஒரு சேலை தெரியும், அதற்குள் வண்டி தாண்டிவிடும். மகராசி போய் மூன்று வருஷமாகிறது. அந்தச் சேலையை உடுத்தித்தான் அனுப்பிவைத்தார்கள். இருக்கிற போட்டோக்களில் அது ஒன்றில் நீலமாகவும் ஒன்றில் காப்பி நிறமாகவும் விழுந்திருந்தது.

போன தை மாதம் ஒரு காலையில் அவளுடைய குரலை நினைத்துப் பார்த்தார். வரவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து நினைத்தும் வரவில்லை. மனுஷன் ஆடிப்போய்விட்டார். நிறமும் மறந்துபோவதற்குள் அதைத் தாளில் பிடித்துவிட வேண்டும் என்றுதான் மலையேறி வந்தார்.

வரும்போதே இருபத்துநாலு ட்யூப் குவாஷ் வண்ணம் வாங்கி வந்திருந்தார். தண்ணீரில் கரைகிற, ஆனால் அடியில் இருப்பதைக் கெட்டியாக மூடிவிடுகிற வண்ணம் அது. நிலோஃபர் சிவப்பு, நீலம், மஞ்சள், கறுப்பு, வெள்ளை என்று ஐந்தை மட்டும் அவர் முன்னால் வைத்துவிட்டு மற்றதைப் பெட்டியோடு பரணில் போட்டாள். நாவல்பழ நிறத்தை எங்கே என்று அவர் தேடினார். கலந்து எடுங்கள் என்றாள்.

இரண்டு மாதம் கலந்தார். சுவரை வரைந்தார், வானத்தை வரைந்தார், சேலைக்கு உரிய இடத்தை மட்டும் வெள்ளையாக விட்டு வைத்தார். ஒரு செவ்வாய்க்கிழமை கலவை கூடிவந்தது. பிரஷ்ஷால் தொட்டு அந்த இடத்தில் வைத்தால், அம்சவேணியே வந்து நிற்கிறாள்! டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் வண்ணம் காய்ந்து, வெளுத்து, யாரோ ஒருத்தியின் பழைய சேலையாகக் கிடந்தது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவரும் வண்ணத்தின் மேல் பழியைப் போட்டு, மெட்ராஸுக்கே போய் விலை கூடிய ட்யூபாகப் பார்த்து வாங்கி வந்தார். அதுவும் காய்ந்து வெளுத்தது. நிலோஃபர் சொன்னால் கேட்கிற நிலையிலா இருந்தார்?

அப்புறம் பத்து நாள் வகுப்புக்கே ஆளைக் காணோம்.

பதினோராம் நாள் வந்தார். கொண்டுவந்த தாளை அவள் முன்னால் விரித்தார். சுவர் இருந்தது, வானம் இருந்தது. சேலை இருந்த இடத்தில் ஓட்டை. ஓட்டையைச் சுற்றித் தாள் பஞ்சாய்ப் பிரிந்து நின்றது.

வெறும் தண்ணீரை மேலே தடவினால் நிறம் திரும்பி வருகிறது என்று கண்டுபிடித்திருக்கிறார். இரண்டு நிமிஷம் நிற்பாளாம், காய்ந்ததும் போய்விடுவாளாம். மறுபடி தடவுவாராம். விடிந்ததிலிருந்து பொழுதுசாய இதே வேலை. வண்ணம் கரைந்து வர வர மேலே மேலே பூசி, கடைசியில் தாள் தாங்கவில்லை.

"காயாத வண்ணம் ஏதாச்சும் இருக்கா டீச்சர்? எங்கே கிடைச்சாலும் போய் வாங்கிட்டு வந்துடறேன்."

அவள் புதுத் தாள் ஒன்றை எடுத்துக் கொடுத்து, பழையபடி சுவரை வரையச் சொன்னாள். அதற்கு மூன்று நாள் ஆயிற்று. பிறகு, சேலைக்குக் கலக்கச் சொன்னாள். அதுதான் அவருக்குத் தூக்கத்தில் கூட வருமே.

"இது யாரு?" கிண்ணத்தைக் காட்டிக் கேட்டாள்.

"அம்சவேணி."

"கறுப்பும் நீலமும் இன்னும் கொஞ்சம் சேருங்க."

சேர்த்தார். "இப்ப?" என்றாள்.

"லேசா வாடின மாதிரி இருக்கா. ஆனா அவதான்."

"இன்னும் சேருங்க."

சேர்த்தார். கிண்ணத்தைப் பார்த்த அவர் முகம் சுருங்கிப்போயிற்று. "இது அவ இல்ல டீச்சர்."

"நிச்சயமா?"

"நிச்சயமா இல்ல."

"சரி. இப்ப வைங்க."

அவர் வைக்கவில்லை. அம்சவேணி நின்ற இடத்தில் வேறு யாரையோ கொண்டுபோய் நிறுத்துவதா? கை வரமாட்டேன் என்கிறது, நீங்களே வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினார். நிலோஃபர் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தார். வெள்ளை இடம் இருட்டாக நிறைந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். மனசு விட்டுப்போயிருந்தது. கீழே எங்கேயோ ஒரு வண்டி கூவியது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து அவள் கூப்பிட்டாள்.

வந்து பார்த்தார். வண்ணம் காய்ந்து வெளுத்திருந்தது. சுவரோரம் நாவல்பழச் சேலை நின்றது, அவர் பார்த்தது பார்த்தபடியே. ஒரு நிமிஷம் ஆயிற்று. ஐந்து நிமிஷம் ஆயிற்று. அது அப்படியே இருந்தது.

ஏகாம்பரம் தாளின்மேல் குனிந்தார். மூன்று வருஷமாக அடக்கி வைத்திருந்தது அத்தனையும் பொங்கி வந்தது. ஆஸ்பத்திரியில் அழாதவர், சுடுகாட்டில் அழாதவர், சின்னப் பிள்ளைபோலக் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தார்.

நிலோஃபர் தாளை மெல்ல அவரிடமிருந்து நகர்த்தினாள்.

"தள்ளி உட்கார்ந்து அழுங்க ஐயா. இப்ப ஈரம் பட்டா அவங்க போயிடுவாங்க."