ஒன்பதாம் மாடி, மூன்றாவது மேஜை

“இந்தக் கிண்டியில நிம்மதியா உட்கார்ந்து சாப்பிட ஒரு இடம்கூடக் கிடையாதா, மாஸ்டர்?”

மங்கையர்க்கரசி இப்படிக் கேட்டபோது ரூபன் மேஜைக்குக் குறுக்கே வலை கட்டிக்கொண்டிருந்தார்.

தொழிற்பேட்டையின் பின்தெருவில், டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரே ஒரு கூடம். அதில் இரண்டு டேபிள் டென்னிஸ் மேஜைகள். ரூபன் அங்கே பயிற்சி கொடுப்பவர். மங்கையைவிடப் பதினேழு வயது இளையவர். அதிகம் பேச மாட்டார். பேசினால் பந்தின் சத்தம் கேட்காது என்பார்.

மங்கைக்கு நாற்பத்தாறு வயது. கப்பலில் சரக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் ஆவணப் பிரிவுக்குத் தலைவி. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், உடம்பை அசைக்க வேண்டும், மனதை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த முறை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பார்ப்பேன் என்று டாக்டர் சொல்லி, ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார். அந்தச் சீட்டோடுதான் மங்கை இந்தக் கூடத்துக்கு வந்தாள்.

போகாத இடம் இல்லை என்று அவள் சொன்னாள். அடுத்த தெரு ஆந்திரா மெஸ்ஸில் எட்டு நாள். எண்ணெய் அதிகம். பஸ் ஸ்டாண்டு பக்கம் தயிர்சாதக் கடையில் ஒரு வாரம். உட்கார இடம் போதவில்லை. மாநகராட்சிப் பூங்காவில் எட்டு வடிவ நடைபாதையில் சுற்றிப் பார்த்தாள். நாய்த் தொல்லை. நான்காம் மாடி ஜிம்மில் சுற்றிலும் கண்ணாடி. சர்ச் வளாகத்து பெஞ்சில் டப்பாவைத் திறந்தால் சோறு தொண்டையில் இறங்கவில்லை.

ரூபன் எல்லாவற்றையும் கேட்டார். வலையின் கடைசி முடிச்சைப் போட்டார். ஒரு மட்டையை எடுத்து அவள் பக்கம் தள்ளினார்.

“ஆடுங்க.”

மங்கை பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது ஆடியவள். கை மறக்கவில்லை. இருபது பந்து, முப்பது பந்து என்று போய்க்கொண்டிருந்தது.

கூடத்தின் கதவு திறந்தது. யாரோ இரண்டு பேர் அடுத்த மேஜைக்குப் போனார்கள்.

பந்து மங்கையைத் தாண்டிச் சுவரில் பட்டது.

அன்றைக்கு அந்தக் கதவு ஒன்பது முறை திறந்தது. அவள் ஒன்பது பந்தைத் தவறவிட்டாள்.



மறுநாள் மாலை அவளை எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னார். இப்போது கதவு அவள் முதுகுக்குப் பின்னால்.

கதவு திறந்தபோதெல்லாம் தவறியது. திறக்காதபோதும் தவறியது. அரை மணி நேரத்தில் அவள் ரவிக்கை நனைந்துவிட்டது. இந்தப் பக்கம் வெளிச்சம் சரியில்லை என்றாள். அவர் தலையசைத்தார்.

மூன்றாம் நாள் மங்கை படியேறி வந்தபோது கதவு அகலத் திறந்திருந்தது. மூடிவிடாதபடி ஒரு செங்கல் வைத்து முட்டுக்கொடுத்திருந்தது. மாடிப்படியில் போகிற வருகிற எல்லோரும் தெரிந்தார்கள். மேல்தளத்தில் கணினி வகுப்பு. ஓயாத நடமாட்டம்.

மூன்று பந்துக்கு மேல் அவளால் ஆட முடியவில்லை.

“கதவைச் சாத்துங்க, மாஸ்டர்.”

“யார் வரக் கூடாது?”

“யாரும் இல்ல.”

“அப்ப ஆடுங்க.”

அவர் பந்தைப் போட்டார். அது மங்கையின் பக்கத்தில் ஒரு முறை எழும்பியது, இன்னொரு முறை எழும்பியது, விளிம்பு வரை போய்க் கீழே விழுந்து உருண்டது. மங்கையின் கை அசையவே இல்லை.

அவள் மட்டையை மேஜைமேல் வைத்தாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். ரூபன் செங்கல்லைக் காலால் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

அவள் சொன்னாள்.

அவள் பிரிவில் பர்வீன் என்று ஒரு பெண். வேலைக்கு வந்து ஆறு வருடம். ஆறு வருடமும் இருவரும் ஒரே மேஜையில் சாப்பிட்டவர்கள். நாலு மாதத்துக்கு முன்பு மருந்துப் பெட்டிகள் ஒரு பெரிய சரக்காகப் போக வேண்டியிருந்தது. குளிரில் வைக்க வேண்டிய மருந்து. பர்வீன் ஆவணத்தில் அதைச் சரியாகத்தான் குறித்திருந்தாள். கடைசியாகச் சரிபார்த்தது மங்கை. ஒரே மூச்சில் நாற்பது தாளைப் புரட்டிய அவசரத்தில், அந்தக் குறிப்பை அவள் கையே அழித்துவிட்டது. பெட்டிகள் துறைமுகத்து வெயிலில் மூன்று நாள் கிடந்தன. அத்தனையும் வீண்.

கூட்டத்தில் மேலதிகாரி ஒரே ஒரு கேள்வி கேட்டார். இதைத் தயாரித்தது யார்?

“பர்வீன்,” என்று மங்கை சொன்னாள்.

கேட்ட கேள்விக்கு அது சரியான பதில். தயாரித்தவள் பர்வீன்தான். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. மறு வாரமே பர்வீனைத் தரைத்தளத்துப் பழைய கோப்பு அறைக்கு மாற்றினார்கள். வரவிருந்த பதவி உயர்வும் நின்றுபோனது.

“பொய் எதுவும் சொல்லல, மாஸ்டர்,” என்றாள் மங்கை. சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவள் காதுக்கே பிடிக்கவில்லை.

ரூபன் கீழே கிடந்த பந்தை எடுத்துத் துடைத்தார்.

“அவங்க இப்ப எங்க சாப்பிடுறாங்க?”

“எங்க ஆபீஸ் ஒன்பதாம் மாடி கேன்டீன்ல. ஜன்னல் பக்கம் மூணாவது மேஜை. பன்னெண்டே முக்காலுக்கு வருவா. கைகழுவுற இடத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவா. பக்கத்து நாற்காலியில பையை வச்சிருப்பா. ஒன்னேகாலுக்கு எழுந்திருவா.”

“நீங்க அங்க போறதில்லயே?”

“நாலு மாசமா அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கல. லிஃப்டுல யாராவது பேசிக்குவாங்க. காதுல விழும். அவ எந்த நேரம் எங்க இருப்பாள்னு கணக்குப் போட்டுத்தான் நான் வெளியிலயே கிளம்புவேன்.”

“அப்ப நீங்களும் தினம் அங்கதான் சாப்பிடுறீங்க.”

மங்கை அவரைப் பார்த்தாள். மெஸ்ஸில் தன் எதிரே வந்து அமர்ந்த, தன் அலுவலகத்து அடையாள அட்டை தொங்கிய அந்த ஒன்பதாம் நாள் ஆள் நினைவுக்கு வந்தான். தயிர்சாதக் கடை வரிசையில் கேட்ட பழகிய குரல். ஜிம் கண்ணாடியில் தெரிந்த முகம். எண்ணெயும் நாயும் வெளிச்சமும் அப்புறம் வந்து சேர்ந்த காரணங்கள்.



ரூபன் எழுந்து மின்விசிறியை அணைத்தார். இன்றைக்கு வகுப்பு அவ்வளவுதான் என்றார். நாளைக்கு வரலாமா என்று அவள் கேட்டதற்கு, பசியோடு வர வேண்டாம் என்றார்.

மறுநாள் காலை பத்தரைக்கு மங்கை மேலதிகாரி வரதனின் அறைக்குப் போனாள். அந்தக் குறிப்பை அழித்தது தான் என்றும், பர்வீன் எழுதியது சரியாக இருந்தது என்றும் சொன்னாள்.

வரதன் கண்ணாடியைக் கழற்றினார். முடிந்துபோன விஷயத்தை இப்போது ஏன் கிளறுகிறீர்கள் என்று அலுத்துக்கொண்டார். அது முடியவில்லை சார், அந்தப் பெண் இன்னும் கீழே தூசியில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்றாள் மங்கை. அதற்குப் பிறகு அவர் அலுத்துக்கொள்ளவில்லை. ஆள் வைத்துக் கடிதம் அடிக்கச் சொன்னார்.

பன்னிரண்டு மணிக்குக் கடிதம் கைக்கு வந்தது. விசாரணை முடியும்வரை அவளுக்குப் பிரிவுத் தலைவி பொறுப்பு கிடையாது. பர்வீன் திங்கட்கிழமை பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும்.

தன் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்ததைக்கூட அவளால் நிதானமாகக் கவனிக்க முடிந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு லிஃப்டில் ஏறி ஒன்பதாம் மாடிக்கான பொத்தானை அழுத்தினாள்.

கேன்டீனில் சாம்பார் வாசனையும் தட்டுகளின் சத்தமும். ஜன்னல் பக்கம் மூன்றாவது மேஜையில் பர்வீன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள். மங்கை சுற்றிப்போய் அவள் எதிரே நின்றாள். வரதனிடம் சொன்னதையே, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், இவளிடமும் சொன்னாள். மன்னிப்புக் கேட்டாள்.

பர்வீன் டப்பா மூடியைக் கையில் வைத்தபடியே கேட்டுக்கொண்டாள்.

“எனக்குத் தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும். நான் எழுதின காப்பி என்கிட்டயே இருக்கு.”



“ஏன் காட்டல?” என்றாள் மங்கை.

“நீங்களே சொல்வீங்கன்னு நெனச்சேன். ஒரு வாரம் நெனச்சேன். அப்புறம் கோபம் வந்திருச்சு. அதுக்கப்புறம் யார்கிட்டயும் எதையும் காட்டப் பிடிக்கல. வந்தா வரட்டும்னு தினம் இதே மேஜையில உட்கார்ந்திருந்தேன்.”

ஜன்னலுக்குக் கீழே மின்சார ரயில் ஒன்று நிலையத்தில் நின்று கிளம்பிப் போனது. அது கண்ணுக்கு மறையும்வரை இருவரும் பார்த்தார்கள்.

பர்வீன் பக்கத்து நாற்காலியில் இருந்த பையை எடுத்துக் கீழே வைத்தாள்.

“உட்காருங்க. ஆனா நான் இன்னும் கோபமாத்தான் இருக்கேன்.”

“கோபமாவே இரு,” என்றாள் மங்கை.

உட்கார்ந்தாள். அவளுக்குப் பசித்தது.