முள் நுனியில் களாக்காய்

இலுப்பை மரத்தடியில் ஒரு பாறைக்குழி. அதில் தேங்கிய மழைத்தண்ணீரில் பூக்கள் உதிர்ந்து, ஊறி, நுரைத்துப் புளித்துவிட்டன. மோந்து பார்த்த நரி, "ஆயிடுச்சு!" என்று ஊளையிட்டது. அன்று மாலையே விருந்து.

எல்லாருக்கும் சந்தோஷம். காட்டுப்பன்றிக்கு மட்டும் உள்ளூர நடுக்கம். போன வருஷ விருந்தில் போதை ஏறிய முள்ளம்பன்றி, "அண்ணே, எனக்கு உங்களை விட்டா யாரு இருக்கா!" என்று கட்டிப்பிடித்துவிட்டது. அன்றிலிருந்து பன்றி எதைக் குடித்தாலும் விலாவில் ஏழெட்டு இடங்களில் ஒழுகுகிறது. அது ஆற்றில் தண்ணீர் குடித்துவிட்டு நடந்துபோன வழியெல்லாம் புல் முளைத்திருக்கிறது.

அதனால் இந்த வருஷம் தேவாங்கு ஒரு ஏற்பாடு செய்தது. பகல் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு களாக்காய் பறித்து வந்தது. முள்ளம்பன்றியின் ஒவ்வொரு முள் நுனியிலும் ஒரு காயைச் செருகியது.

"மாமா, இது உதிராம பாத்துக்குங்க. உங்க சிநேகிதன் உப்பிலி வேற வர்றான்."

உப்பிலி என்பது தேரை. குடித்தால் ஊதிப் பெருத்துவிடும். முள் பட்டால் அதோடு முடிந்தது.

"உப்பிலி என் உயிருடா! அவனை நான் குத்துவேனா?" என்றது முள்ளம்பன்றி.

"போன வருஷம் பன்றியண்ணனையும் உயிருன்னுதான் சொன்னீங்க. முதல்ல ஏதாவது சாப்பிடுங்க. அண்ணன் பலாப்பழம் உருட்டிட்டு வந்திருக்காரு."

யாரும் பழத்தைத் தொடவில்லை. "வயிறு ரொம்பினா ஏறாதுய்யா!" என்றது குரங்கு. தேக்கிலைத் தொன்னைகள் நிறைந்தன, காலியாயின, மறுபடி நிறைந்தன.

"நீயும் ஒரு வாய் குடியேன்!" என்றது நரி தேவாங்கிடம்.

"வேண்டாம். கிளையைப் பிடிச்சிக்கிட்டுத் தூங்குறவன் நான். பிடி நழுவினா போச்சு."

தேவாங்குக்குப் பிறவியிலேயே முட்டைக் கண். நடையும் ஆடி அசைந்துதான். அதைப் பார்த்த எல்லாரும், "இவனுக்கு இனிமே ஊத்தாதீங்கப்பா, தாங்க மாட்டான்!" என்று பேசிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் குரங்கின் நாக்கு ஊறியது. "தொட்டுக்கப் புளிப்பா ஏதாவது இருந்தா…"

அதன் கண்ணுக்கு எதிரே முள்ளம்பன்றியின் முதுகு இருந்தது.

ஒரு காய் போனது. நரி ஒன்று எடுத்தது. முயல் ரெண்டு எடுத்தது. முதுகு சொறிந்துவிடுகிறார்கள் என்று நினைத்து முள்ளம்பன்றி கண்ணை மூடிச் சுகமாக முனகியது. அதன் வாயிலும் ஒரு காயைப் போட்டார்கள்.

"அடடா, அருமை! எங்கேடா கிடைச்சுது?"

"உங்க வீட்டுச் சரக்குதான் மாமா!"

முள் நுனியெல்லாம் காயில்லாமல் மொட்டையானதும் முள்ளம்பன்றிக்குப் பாசம் பொங்கியது.

"உப்பிலி! எங்கேடா இருக்கே? வா, கட்டிக்கலாம்!"

பூசணிக்காய் அளவுக்கு ஊதியிருந்த உப்பிலி கையை விரித்தது. "வாடா என் ராசா!"

போதை ஏறினால் முள்ளம்பன்றிக்கு நடை பின்னால்தான் போகும். அது எதிர்த்திசையைப் பார்த்து உப்பிலியைக் கொஞ்சிக்கொண்டே, முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு, பின்னுக்குப் பின்னுக்கு வந்தது.

"நிறுத்துங்க! களாக்காய் இல்லை!" என்று கத்தியது தேவாங்கு.

"கண்ணைப் பாரு, முழுசா ஏறிடுச்சு அவனுக்கு," என்றது நரி.

கேட்டது ஒரே ஒரு ஆள்தான். பன்றி. அதுவும் எல்லார் கூடவும் குடித்ததுதான். ஆனால் உள்ளே போனதெல்லாம் விலா வழியே ஒழுகிவிட்டதால் தெளிவாக இருந்தது.

"அண்ணே, பழம்! பழத்தைத் தள்ளுங்க!"

பன்றி மூக்கால் ஒரே முட்டு. பலாப்பழம் உருண்டுபோய் உப்பிலியை இடித்துச் சேற்றில் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் நின்றது. அடுத்த நொடி, சதக்!

"உப்பிலி… நீ ஏன்டா இவ்வளவு சொரசொரப்பா இருக்கே? ஒழுங்கா எண்ணெய் தேய்ச்சுக் குளி," என்று சொல்லிக்கொண்டே முள்ளம்பன்றி பழத்தின் மேல் சாய்ந்து தூங்கிவிட்டது.

விடிந்தது. முள்ளம்பன்றி கண் விழித்தது. முதுகில் என்னவோ கனத்தது. பிசுபிசுவென்று ஏதோ வழிந்தது. மெல்ல மெல்ல ராத்திரி நடந்தது ஞாபகம் வந்தது.

"ஐயோ! உப்பிலியைக் கொன்னுட்டேனே! எனக்கு இருந்தது ஒரே ஒரு சிநேகிதன்!"

அது நெஞ்சு வெடிக்க அழுதது. சேற்றுக்குள்ளிருந்து உப்பிலி தலையைத் தூக்கியது.

"காலங்காத்தால யாருடா ஒப்பாரி வைக்கிறது? யாரு செத்தது?"

"நீதான்டா!"

"நானா! எப்போ?"

"நேத்து. நான்தான்டா குத்திட்டேன்."

உப்பிலிக்கும் ராத்திரி நடந்தது எதுவுமே ஞாபகம் இல்லை. அதனால் நம்பிவிட்டது. "ஐயோ, நான் நல்லவனாச்சே! இவ்வளவு சின்ன வயசுலயே போயிட்டேனே!" என்று அதுவும் சேர்ந்து அழுதது. ரெண்டும் ஒன்றையொன்று தேற்றிக்கொண்டு வெகுநேரம் அழுதன.

தேவாங்கு மெதுவாக இறங்கி வந்தது. முள்ளம்பன்றியின் முதுகில் குத்தியிருந்த பழத்தில் ஒரு சுளையைப் பிய்த்து உப்பிலியின் வாயில் வைத்தது.

"தின்னு. செத்தவன் திங்க மாட்டான்."

உப்பிலி தின்றது. "உயிரோடதான் இருக்கேன்!" என்று குதித்தது. முள்ளம்பன்றி சிரிக்கவில்லை. மிச்சப் பழத்தையும் நரியின் வாலில் ஒட்டியிருந்த களாக்காய்த் தோலையும் மாறி மாறிப் பார்த்தது.

"பழம் அங்கே இல்லாம இருந்திருந்தா?" என்றது.

பன்றி தன் விலாவைத் தடவிக்கொண்டது.

அடுத்த வருஷம் பூ புளித்தபோது, முள்ளம்பன்றிதான் முதல் ஆளாக உட்கார்ந்து பலாச்சுளை தின்றது. ஒரே ஒரு தொன்னை குடித்தது. பிறகு தொன்னையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாப்ளே, இனிமே நான் கேட்டாலும் ஊத்தாதே," என்று தேவாங்கின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

குடித்தபின் கண் மட்டுமல்ல, காதும் மயங்கிவிடும். ஆகவே விருந்துக்குப் போகிறவர்கள் வயிற்றை நிரப்பி, அளவை முடிவுசெய்து, குடிக்காத ஒருவரின் சொல்லுக்குக் கட்டுப்படுவதாகக் குடிப்பதற்கு முன்பே ஒத்துக்கொள்ள வேண்டும்.