வெள்ளைக்கு அடியில் ஒரு யானை

அருளப்பன் முப்பத்திரண்டு வருடம் போலீசில் இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே சுவரில் படம் வரையக் கற்றுக்கொள்ள மரகதவல்லியிடம் வந்து சேர்ந்தார். ஆசிரியைக்கு அவருடைய மகள் வயதுதான். அவர் அவளை டீச்சர் என்றார். அவள் அவரை சார் என்றாள்.

சேலத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டில், குழந்தையின் அறைக்குப் படம் வரைய அவர்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கணவர் கோதண்டம், மனைவி பத்மினி. இருவருக்கும் நாற்பது தாண்டியிருந்தது. ஒரு சுவர் முழுக்கக் காடு வேண்டும் என்றார்கள்.

"குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்று முதல் நாள் அருளப்பன் கேட்டார்.

"ஏழெட்டு மாசம் இருக்கும்."

சொல்லிவிட்டுப் பத்மினி உள்ளே போய்விட்டாள். பெற்றவளுக்கு மாதம் தெரியாதா என்று அவருக்குத் தோன்றியது. வீட்டில் தொட்டில் இல்லை. கொடியில் ஒரு சின்னத் துணிகூட இல்லை.

இரண்டாம் நாள் கோதண்டம் பால்கனியில் நின்று போனில் மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தார். "பக்கத்து வீட்டுக்குக்கூடத் தெரியாது. வியாழக்கிழமை நேரா இங்க கொண்டு வந்துடறோம்."

அன்று மதியம் சுவரின் மூலையை அருளப்பன் உப்புத்தாளால் தேய்த்தார். வெள்ளைப் பூச்சு உதிர்ந்தது. அடியில் நீலம் தெரிந்தது. இன்னும் தேய்த்தார். ஒரு யானையின் தும்பிக்கை. அதன் மேல் கத்தியால் சுரண்டிய கோடுகள், குறுக்கும் நெடுக்குமாக.

"டீச்சர், இந்த ரூம்ல முன்னாடி ஒரு குழந்தை இருந்திருக்கு."

மரகதவல்லி வந்து பார்த்தாள். "ம்."

"அது இப்ப எங்க?"

"பத்மினியம்மா அடுப்படியிலதான் இருக்காங்க. கேளுங்க."

"தப்பு செஞ்சவங்ககிட்ட கேட்டா பொய்தான் வரும். யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட சொல்லணும்."

அவள் பிரஷை எடுத்துக்கொண்டாள். பாதியில் விட்டிருந்த இலையை வரையப் போனாள்.

மறுநாள் காலை வேலைக்கு வரும் வழியிலேயே அருளப்பன் தன் பழைய ஸ்டேஷனுக்குப் போன் செய்தார். இன்ஸ்பெக்டர் இளவழுதி அவரிடம் வேலை பழகியவர். பதினோரு மணிக்கு வருவதாகச் சொன்னார்.

அறைக்குள் வந்ததும் ஆசிரியையிடம் அதைச் சொன்னார். அவள் பிரஷைக் கீழே வைத்தாள்.

"என்னன்னு சொன்னீங்க?"

"குழந்தையை விலைக்கு வாங்குற மாதிரி இருக்குன்னு சொன்னேன்."

மரகதவல்லி எழுந்து சமையலறை வாசலுக்குப் போனாள். "பத்மினியம்மா, கொஞ்சம் வாங்க. சாருக்கு அந்த யானையைப் பத்திக் கேட்கணுமாம்."

பத்மினி ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள். சுவரின் மூலையைப் பார்த்தாள். அருளப்பன் தும்பிக்கையைக் காட்டினார்.

"இது... யார் இருந்த ரூம்மா?"

"யாரும் இருக்கலை." அவள் கிட்டே வந்து அந்தக் கோடுகளைத் தொட்டாள். "நான்தான் சுரண்டினேன்."

மூன்று வருடம் முன்பு ஒரு பெண் குழந்தையை அவர்களுக்குத் தத்துக் கொடுப்பதாக இருந்தது. துணி வாங்கினார்கள். சுவரில் யானை வரைந்தார்கள். மொத்தக் குடியிருப்பும் வந்து அறையைப் பார்த்துவிட்டுப் போனது. எதிர்வீட்டுப் பெண் வெள்ளிக் காப்பு கொண்டுவந்தாள். இரண்டு நாள் இருக்கும்போது அந்தக் குழந்தையின் பெரியம்மா ஊரிலிருந்து தேடி வந்துவிட்டாள்.

"சொந்தக்காரங்க கேட்டா கொடுக்கத்தானே செய்வாங்க. அதைத் தப்புன்னு சொல்ல முடியாது. ஆனா அப்புறம் ஆறு மாசம், லிஃப்ட்ல ஏறினா போதும், குழந்தை எங்கன்னு யாராவது கேட்பாங்க." அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தடவை பையன். அவன் என் மடிக்கு வர்ற வரைக்கும் யாருக்கும் சொல்றதில்லைன்னு இருக்கோம்."

"நான் போலீஸைக் கூப்பிட்டுட்டேம்மா," என்று அருளப்பன் அவசரமாகப் போனை எடுத்தார். "தெருமுனைக்கு வந்துட்டேன் அண்ணே," என்றார் இளவழுதி.

அவர் படிகளில் இறங்கினார். கீழே போய்ச் சேர்வதற்குள் ஜீப் கேட்டுக்குள் நுழைந்துவிட்டது. காவலாளி எழுந்து நின்றார். இரண்டு பால்கனிகளில் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"வேண்டாம்பா, திரும்பிப் போயிடு. நான் தப்பா நினைச்சுட்டேன். முறையா தத்தெடுக்கிறாங்க."

இளவழுதி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவரே அருளப்பன்தான்.

"காலையில அவ்வளவு உறுதியா சொன்னீங்க. அதுக்குள்ள மாத்திப் பேசறீங்க. உங்களையும் சேர்த்துக்கிட்டாங்களா அண்ணே?"

அருளப்பனுக்கு முகம் சுட்டது. இல்லை என்றார். அது அவர் காதுக்கே பொய் போலக் கேட்டது.

பின்னாலேயே கோதண்டம் தத்தெடுப்பு மையத்தின் கடிதத்தோடு இறங்கி வந்தார். இளவழுதி அதை இரண்டு முறை படித்தார். ஜீப்பில் உட்கார்ந்து மையத்துக்குப் போன் செய்து பேசினார். பிறகு கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்ன சார் விஷயம்?" என்று மேலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அட்ரஸ் மாறி வந்துட்டோம்மா," என்று உரக்கச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார்.

கோதண்டம் கடிதத்தை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார். அருளப்பனைப் பார்க்காமலே மேலே போனார்.

அருளப்பன் அறைக்குத் திரும்பியபோது மரகதவல்லி ஒரு கிளைக்கு நிழல் தீட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாகிட்ட மன்னிப்பு கேட்டேன். கதவைச் சாத்திக்கிட்டாங்க."

"ம்."

"உங்களுக்குச் சந்தேகமே வரலையா டீச்சர்?"

"வந்துச்சு. முதல் நாளே வந்துச்சு. அன்னிக்கே அவங்களைக் கேட்டேன். சொன்னாங்க."

அருளப்பன் தரையில் உட்கார்ந்தார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

மரகதவல்லி சுவரிலிருந்து பிரஷை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா சார்?"